சி.எம்.எல். ரத்தப் புற்றுநோயோடு அன்றாடம்: மாத்திரை முதல் மனு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோயை ஆஸ்பத்திரி வரிசையில் எல்லோரும் ‘சி.எம்.எல்.’ என்றுதான் சொல்கிறார்கள். இது வந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் இல்லை. கடை திறக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், களை எடுக்கிறார்கள். தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாத்திரை ஒரு நாளும் தவறாமல் கைக்கு வந்து சேர வேண்டும். அதில் பாதி மருத்துவம். மீதி மருந்து கவுன்ட்டர், கலெக்டர் ஆபீஸ், ரயில்வே கவுன்ட்டர். இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

‘நாள்பட்ட’ என்றால் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. இந்தச் சொல்லைக் கேட்டதும் ‘ரொம்ப நாளாகக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் போல’ என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மெதுவாக வளர்வது, நீண்ட காலம் கூடவே இருப்பது என்பதுதான் பொருள். 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், ‘பிசிஆர்-ஏபிஎல்’ (BCR-ABL) என்ற புதிய மரபணு உருவாகிறது. வெள்ளையணுக்களைப் பெருக்கச் சொல்லும் சுவிட்சை அது அணைக்கவே விடுவதில்லை. இந்தக் குட்டைக் குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டார்கள். இன்றும் ரிப்போர்ட்டில் ‘பிலடெல்பியா பாசிட்டிவ்’ என்று வருவது அதனால்தான். அந்தச் சுவிட்சையே குறிவைத்து அடைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இது தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் இல்லை. பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் ஒரு அணுவில் நேர்கிற மாற்றம் இது. தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டிய அவசியம் கிடையாது.

இமாடினிப்பை எப்படிச் சாப்பிட வேண்டும்?

நோய் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வாந்தி வரும். நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். இரவில் சாப்பிடுபவர்கள் உடனே படுக்காமல் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயை எரிக்கும். விழுங்க முடியாதவர்கள் 400 மி.கி. மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து (100 மி.கி. என்றால் 50 மில்லி), கலக்கி, உடனே குடித்துவிடலாம்.

அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் 400 மி.கி. கிடைக்கும், அடுத்த மாதம் 100 மி.கி. அட்டை கிடைக்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. ‘தினம் ஒன்று’ என்று பழகிய கை, 100 மி.கி. மாத்திரையையும் ஒன்றே ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளும். அட்டை மாறியதும் பேனாவால் அதன் மேலேயே ‘4’ என்று எழுதிவிடுங்கள். கம்பெனி பெயர் மாறுவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், மில்லிகிராமைப் பாருங்கள்.

இதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான நிலோடினிப் சாப்பிடுபவர்களுக்கு விதி தலைகீழ்: 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, வெறும் வயிற்றில். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. அதன் பிறகு 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உணவோடு எடுத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறி, இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். ‘எல்லாம் ஒரே வியாதிக்கான மாத்திரைதானே’ என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன முறையைப் பின்பற்றுவது இந்த இடத்தில் ஆபத்து.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

அன்றைக்கே ஞாபகம் வந்தால், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் மறுநாளுக்கு உரியதை மட்டும். இரட்டையாகப் போடக் கூடாது. போட்டதும் வாந்தி வந்துவிட்டாலும் அன்றைக்கு இன்னொன்று வேண்டாம்.

என்றாவது ஒரு நாள் விட்டதால் குடி முழுகாது. பழக்கமாகிவிட்டால்தான் சிக்கல். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 பேருக்கு, எப்போது திறக்கப்பட்டது என்று பதிவாகும் மூடி பொருத்திய மருந்துப் புட்டியைக் கொடுத்துக் கண்காணித்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்களில் 94.5 சதவீதம் பேருக்கு நோய் நன்கு அடங்கியது. அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 28.4 சதவீதம்தான். 90 சதவீதம் என்பது மாதத்துக்கு வெறும் மூன்று மாத்திரை விடுபடுவது. மூன்று மாத்திரை என்பது ஒரு கல்யாணம், ஒரு வெளியூர்ப் பயணம், ‘திங்கட்கிழமை வாங்க’ என்ற ஒரு ஸ்டாக் பிரச்சினை. அவ்வளவுதான்.

பக்க விளைவுகளில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு ஓட வேண்டும்?

காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, லேசான வயிற்றுப்போக்கு, அசதி ஆகியவை இமாடினிப்பில் மிகச் சாதாரணம். உப்பைக் குறைத்து, தலையணையை ஒன்று கூட்டி வைத்தால் கண் வீக்கம் ஓரளவு வடியும். கால் பிடிப்புக்குத் தண்ணீர், படுக்குமுன் தசையை நீட்டும் பயிற்சி. தொடர்ந்தால் கால்சியம், மக்னீசியம் அளவைப் பார்ப்பார்கள்.

தோல் வெளுப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நம்மைப் போல் மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். ‘கலர் கூடிட்டியே’ என்று சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள், இல்லாவிட்டால் வெண்புள்ளி என்று ஒதுங்குவார்கள். இரண்டுமே இல்லை, மருந்தின் வேலை. வெயிலில் அந்தத் தோல் சீக்கிரம் கன்றும். குடை, முழுக்கைச் சட்டை போதும்.

உடனே போக வேண்டியவை: 100.4 பாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல் (வெள்ளையணுக்கள் குறைந்திருந்தால் இது அவசரம்), நிற்காத ரத்தக் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள், மஞ்சள் காமாலை, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ எடை கூடுதல், மூச்சுத் திணறல். இதே நோய்க்கான வேறொரு மாத்திரையான டசாடினிப் எடுப்பவர்களுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கலாம் என்பதால், படிக்கட்டு ஏறும்போது புதிதாக வாங்கும் மூச்சைக் கூட விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

வேறு மருந்துகளோடு சேருமா? நாட்டு மருந்து?

நம் ஊரில் எந்த டாக்டர் எதற்கு மருந்து எழுதினாலும் கூடவே ஒரு ‘கேஸ் மாத்திரை’ வரும். இமாடினிப்போடு அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை, டசாடினிப்பை வயிற்றிலிருந்து ஏறவிடாது. நல்ல மாத்திரை, ஒழுங்காகப் போட்டும் பிசிஆர் (PCR, ரத்தத்தில் அந்தக் கோளாறு மரபணு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பரிசோதனை) ஏறுகிறது என்று குழம்பும் இடத்தில், காரணம் பையில் கிடக்கும் இந்தச் சின்ன மாத்திரையாக இருக்கலாம்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை இமாடினிப்பின் அளவைக் குறைக்கும். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் அளவைக் கூட்டும். பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம். சாத்துக்குடிக்குத் தடை இல்லை. தைராய்டு எடுத்துவிட்டு தைராக்சின் போடுபவர்களுக்கு அதன் அளவைக் கூட்ட நேரலாம்.

நாட்டு மருந்து எடுப்பதை மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைத்தவர்களின் கல்லீரல் என்சைம் கூடினால், பழி இமாடினிப் மேல் விழுந்து நல்ல மருந்தை நிறுத்த நேரிடும். பப்பாளி இலைச்சாறும் அப்படித்தான். பிளேட்லெட் குறைந்தது மருந்தாலா, நோயாலா, டெங்குவாலா என்று தெரிய வேண்டிய நேரத்தில் சாறு குடித்து நாளைக் கடத்துவதால் லாபமில்லை.

நோன்பு, விரதம் இருக்கலாமா?

ஒரு வேளை இமாடினிப் என்றால் பெரும்பாலும் முடியும்: இஃப்தார் சாப்பாட்டோடு மாத்திரை, அதன் பிறகு இரவு முழுக்கப் போதுமான தண்ணீர். ஏகாதசிக்கு மறுநாள் பாரணை வரை மாத்திரையைத் தள்ளிப்போடுவது கூடாது. பாலும் பழமுமாவது சாப்பிட்டு அதோடு போடுங்கள். இரண்டு வேளை நிலோடினிப், சிறுநீரகக் கோளாறு, ஓயாத வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

பிசிஆர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

‘ஐஎஸ்’ என்ற சர்வதேச அளவுகோலில் வரும் சதவீதத்தைப் பாருங்கள். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 10 சதவீதம் அல்லது கீழே, 6 மாதத்தில் 1, 12 மாதத்தில் 0.1. இதுதான் ஏறவேண்டிய படி, சரியாகச் சொன்னால் இறங்கவேண்டிய படி. 0.1க்குக் கீழே போய் அங்கேயே நிலைத்திருப்பதுதான் இலக்கு.

ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து எடுங்கள். 0.02 என்பது அடுத்த முறை 0.04 ஆனதும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். இந்தப் பரிசோதனையில் அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. 0.1ஐத் தாண்டி ஏறினால் மருத்துவர் முதலில் கேட்பது, ‘மாத்திரை விட்டீர்களா?’ அங்கே பொய் சொன்னால், தேவையில்லாத மரபணு மாற்றப் பரிசோதனைக்கும் விலை கூடிய மாத்திரைக்கும் போக வேண்டியிருக்கும். கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கிறதே என்று பிசிஆரைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. கவுன்ட் கெடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே பிசிஆர் ஏறத் தொடங்கிவிடும்.

மாத்திரையை எப்போதாவது நிறுத்த முடியுமா?

சிலருக்கு முடியும். பல ஆண்டு சிகிச்சை (குறைந்தது 3, இமாடினிப்புக்கு 5 என்பாரும் உண்டு), அதில் கடைசி 2 ஆண்டாவது பிசிஆர் 0.01 சதவீதத்துக்குக் கீழே, நோய் ஒருபோதும் முற்றிய கட்டத்துக்குப் போயிருக்கக் கூடாது. நிறுத்திய பின் முதல் ஆறு மாதம் மாதந்தோறும் பிசிஆர் எடுக்க வசதி இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். நிறுத்துபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். உடனே மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மறுபடி அடங்கிவிடுகிறது. பரிசோதனை இல்லாமல் நிறுத்துவது வேறு விஷயம். அது நோயைக் கண்ணை மூடிக்கொண்டு வளர்ப்பது.

‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்றால் என்ன செய்வது?

முதலில் கையிருப்பு. மாத்திரை தீர்ந்த அன்று போகாமல், ஒவ்வொரு மாதமும் சில நாள் முன்னதாகப் போய் வாங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் பத்து நாளுக்கான மாத்திரை தனியே சேரும். மருந்து கவுன்ட்டரில் ‘இன்னும் நாள் இருக்கே’ என்பார்கள். ஓ.பி. சீட்டில் மருத்துவரையே அடுத்த தேதியை 25 நாள் கழித்து எழுதச் சொல்லுங்கள்.

இல்லை என்று சொல்லிவிட்டால், வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ஓ.பி. சீட்டிலேயே ‘மருந்து இருப்பு இல்லை’ என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. பிறகு அதே வளாகத்தில் நிலைய மருத்துவ அலுவலரையோ கண்காணிப்பாளரையோ பாருங்கள். உள்ளூர்க் கொள்முதல் செய்யும் அதிகாரம் அந்த மேசையில்தான் இருக்கும், கவுன்ட்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அதுவும் நடக்காவிட்டால் 104 மருத்துவ உதவி எண், 1100 முதல்வரின் உதவி மையம். 1100இல் கிடைக்கும் மனு எண்ணைக் கட்டாயம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இன்னொரு வழி. ஒரு மனுவில் ஒரே விஷயம். மருந்து, வீட்டு மனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று துறைக்கும் சுற்றி எங்கும் சேராது. இப்படி எழுதினால் போதும்:

“நான் சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு … மருத்துவமனையில் … ஆண்டு முதல் சிகிச்சை பெறுகிறேன். தினமும் இமாடினிப் 400 மி.கி. சாப்பிட வேண்டும். … தேதி முதல் … தேதி வரை மருந்து வழங்கப்படவில்லை (ஓ.பி. சீட்டு நகல் இணைப்பு). மருந்து தடைபட்டால் நோய் திரும்பும் அபாயம் உள்ளது. தடையின்றி வழங்கவும், இருப்பு தீரும் முன் கொள்முதல் செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன்.”

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் இந்தக் கூட்டம் நடக்காது. வெயிலில் பஸ் ஏறிப் போய்த் திரும்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் உதவுமா?

ஒரு தடவை இல்லை என்றால் மனு போதும். மாதாமாதம் இல்லை என்றால் ஆர்.டி.ஐ. போடுங்கள். ‘ஏன் மருந்து தரவில்லை?’ என்று கேட்டால் ‘காரணம் தகவல் ஆகாது’ என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டைக் கேளுங்கள்:

1. கடந்த 12 மாதங்களில் இமாடினிப் 400 மி.கி., 100 மி.கி. எத்தனை மாத்திரைகள் வரவு, எத்தனை வழங்கல், மாதவாரியாக.
2. இருப்பு பூஜ்யமாக இருந்த தேதிகள்.
3. ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டியல் அனுப்பிய தேதி, மருந்து வந்த தேதி.
4. இவை அடங்கிய இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். தாமதம் மருத்துவமனையிலா, மேலேயா என்பதை அந்த இரண்டு தேதிகள் காட்டிக் கொடுத்துவிடும். விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டு அனுப்பலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது. உங்கள் மருந்து நின்றுபோயிருந்தால் அந்தப் பிரிவை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. 6(3) பிரிவின்படி உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு எழுதப்பட்ட மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்று சி.எம்.எல்.லுக்காக மட்டும் கிடைக்காது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணு நோய் ஆகிய ரத்தக் கோளாறுகள் உண்டு, ரத்தப் புற்றுநோய் இல்லை. வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடும் ஒருவரை எந்தப் பட்டியலிலும் சேர்க்காதது ஒரு குறைதான். அதற்காக இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ரயில் கட்டணச் சலுகை எப்படி?

சிகிச்சைக்கோ சோதனைக்கோ போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100 சதவீதம், இரண்டாம் வகுப்பிலும் ஏசி சேர் காரிலும் 75, இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50. கூட வருபவருக்கும் இதே சலுகைதான். ஸ்லீப்பர், மூன்றடுக்கில் மட்டும் 75. படிவத்தில் மருத்துவர் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். முத்திரை மங்கியிருந்தால் கவுன்ட்டரில் திருப்பிவிடுவார்கள். ஆன்லைனில் இந்தச் சலுகை கிடைக்காது, கவுன்ட்டரில்தான். தட்கலுக்குக் கிடையாது, வந்தே பாரத்திலும் கிடையாது. முன்பதிவுக் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே அடுத்த ஓ.பி. தேதி கிடைத்த அன்றே அதே இடத்தில் படிவத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

ஓட்டுப் போடுவதில் ஏதாவது சலுகை உண்டா?

வீட்டிலிருந்து தபால் ஓட்டு என்பது 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் சான்று உள்ளவர்களுக்கும் மட்டும் (படிவம் 12டி). சி.எம்.எல். என்ற காரணத்துக்காகக் கிடைக்காது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்ந்திருந்தாலும் கிடைக்காது. ஆகவே தேதி அறிவித்ததும், ஓ.பி. நாள் அதோடு மோதினால் ஒரு நாள் மாற்றிக் கேளுங்கள்.

சிகிச்சைக்காக மாதக்கணக்கில் பெருங்கோட்டை, மேலூர் என்று எங்கிருந்தோ சென்னைக்கோ வேலூருக்கோ வந்து தங்குபவர்களின் பெயர், வீடு வீடாகச் சரிபார்க்கும்போது ‘இங்கே இல்லை’ என்று நீக்கப்படலாம். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போய்விட்டால் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8, சந்தேகத்துக்கு 1950.

நம் ஊரில் பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் வாக்குப்பதிவு. காலை 7 மணிக்கே போய்விடுங்கள். சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டுப் போனால் இரண்டு மணி நேர வரிசையில் குமட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பவர்கள், அன்று மட்டும் மதியச் சாப்பாட்டோடு போடலாம். நிற்க முடியாவிட்டால் வாசலில் இருக்கும் காவலரிடம் சொன்னால் பெரும்பாலும் முன்னே விடுவார்கள். தனியார் வேலை, தினக்கூலி எதுவானாலும் அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அது.

அரசு ஊழியர். தேர்தல் பணி போட்டிருக்கிறார்கள். விலக்கு கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. நியமன ஆணை வந்ததும் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கு விண்ணப்பம், சிகிச்சை மருத்துவரின் சமீபத்திய சான்று, கடைசி ரத்தப் பரிசோதனை. பயிற்சி வகுப்பன்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். சான்றில் ‘ஓய்வு தேவை’ என்ற பொது வரி பலிக்காது. ‘வெள்ளையணு குறைவு, தொற்று அபாயம், இரவு தங்குவது ஏற்றதல்ல’ என்று காரணம் வேண்டும். கவுன்ட் நன்றாக இருந்து, உடம்பும் ஒத்துழைத்தால் பணியைச் செய்வதிலும் தடை ஒன்றுமில்லை. மாத்திரையும் சாப்பாடும் பையில் இருக்கட்டும்.

கிராம சபையில் இதைப் பேச முடியுமா?

தாராளமாக. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் நோயைச் சொல்லாமலேயே எல்லோருக்கும் பொதுவானதாகக் கேட்கலாம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கும் வசதி, காலை முதல் பஸ்ஸை ஓ.பி. நேரத்துக்கு ஏற்ப மாற்றுதல், டெங்கு கொசு ஒழிப்பு. தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பேசியது எழுத்தில் ஏறாவிட்டால் அது டீக்கடைப் பேச்சோடு சேர்ந்ததுதான்.

வேலையிடத்தில் சொல்ல வேண்டுமா? கல்யாணம், குழந்தை?

வேலையிடத்தில் சொல்வது உங்கள் விருப்பம். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் விடுப்புக்கு நோயின் பெயர் தேவையில்லை. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் மட்டும் மறைக்காதீர்கள், பிறகு மொத்தமாக நிராகரிப்பார்கள்.

கல்யாணத்துக்குத் தடை இல்லை. பெண்கள் இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கவும் தாய்ப்பால் கொடுக்கவும் கூடாது. கருவின் உறுப்புகள் பாதிக்கப்படும். குழந்தை வேண்டுமென்றால் ஒன்றிரண்டு ஆண்டு முன்பே மருத்துவரோடு திட்டமிட வேண்டும். நாள் தள்ளிப்போனால் ஒரு நாளும் காத்திராமல் சொல்லுங்கள். இமாடினிப் எடுக்கும் ஆண்கள் தந்தையாவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை.

நோயாளிகள் சேர்ந்து எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா?

உங்கள் கையில் இருக்கும் மாத்திரையின் விலையே அப்படி மாறியதுதான், அதுவும் சென்னையில் தொடங்கி. நோவார்டிஸ் நிறுவனம் இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, பலன் கூடுவதாக நிரூபிக்காமல் காப்புரிமை இல்லை என்று 2005இல் சட்டத்தில் 3(டி) பிரிவு வந்தது. உள்நாட்டு மருந்துக் கம்பெனிகளோடு, மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்ப்பு மனு போட்டது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்ற வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் சொல்லப்பட்ட மருந்தின் உள்நாட்டு வடிவம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் பிறகு இன்னும் இறங்கியது. காப்புரிமை தரப்படும் முன் எதிர்ப்புத் தெரிவிக்க யாருக்கும் சட்டத்தில் இடமுண்டு. கம்பெனிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

மழை வெள்ளம் வந்தால்?

ஐப்பசி பிறந்ததும் பத்து நாள் மாத்திரையை ஜிப் கவரில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். ஓ.பி. சீட்டு, கடைசி பிசிஆர், மருந்துச் சீட்டு மூன்றையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். நிவாரண வேலைக்குப் போவதானால் சமையல், பொட்டலம் கட்டுதல், கணக்கு எழுதுதல் சரி; வெள்ளையணு குறைந்திருக்கும் காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்குவது வேண்டாம். காய்ச்சல் வந்தால் ஊசி போடும் முன் ‘எனக்கு சி.எம்.எல்., இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று முகாம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்த தானம், கண் தானம் செய்யலாமா?

நோய் அடங்கியிருந்தாலும், மாத்திரையையே நிறுத்தியிருந்தாலும், ரத்தம் கொடுக்கக் கூடாது. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் கண்ணையும் கண் வங்கிகள் எடுப்பதில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் கொடுக்கலாம். நோய் அவர்களைத் தடுக்காது. முகாம் நடத்தும் இடத்தில் எப்போதும் ஆள் பற்றாக்குறை இருப்பது, வந்தவர்களின் பெயரையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதும் மேசைக்கு. ஆண்கள் என்றால் மூன்று மாதம், பெண்கள் என்றால் நான்கு மாதம் இடைவெளி ஆகியிருக்கிறதா என்று பார்த்து, படிவத்தை நிரப்பி உள்ளே அனுப்பும் வேலை அது. நாற்காலியும் நிழலும் உண்டு.